மட்கார்டுக்குள் தெரிந்த சிவப்பு

கண்ணாடியில் சிவப்பு தெரிந்தது.

தாம்பரத்தில் என் ஷெட் வாசலில், மாமனாரின் வெள்ளைக் காருக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து மல்லாந்து கிடந்தேன். பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி ஓரமாகச் சாய்த்திருந்தேன். ஒரு கையில் டார்ச். இன்னொரு கையில் என் மனைவி செல்வியின் முகம் பார்க்கும் கண்ணாடி. மட்கார்டின் உள்விளிம்பு நேராகப் பார்த்தால் கண்ணில் படாது. பல் டாக்டர் மாதிரி கண்ணாடி பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

செல்விக்கு ஒரு பழக்கம் உண்டு. ராத்திரி நெற்றியிலிருந்து எடுக்கும் ஸ்டிக்கர் பொட்டைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைப்பாள். அதனால் சிவப்பைப் பார்த்ததும் முதலில் கண்ணாடியைத்தான் துடைத்தேன். பொட்டெல்லாம் ஓரத்தில் அதனதன் இடத்தில் இருந்தன. சிவப்பு இருந்தது மட்கார்டில். மடித்த விளிம்பு நெடுக, சின்னச் சின்னதாக, விட்டு விட்டு.

போச்சு, பெயிண்ட் விட்டுவிட்டது என்று நினைத்தேன். வெள்ளை வெடித்து, உள்ளே அடித்திருக்கும் ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு வெளியே எட்டிப் பார்க்கிறது.

என் தலைக்கு ஒரு முழம் தள்ளி மாமாவின் ரப்பர் செருப்புகள் நின்றுகொண்டிருந்தன.

"இன்னா மாப்ள, உள்ள பூந்தவன் சத்தத்தையே காணோம்?"

பதிலுக்குக் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தேன்.

கோடு விழாத வண்டி

அந்தச் செருப்புக்காரரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாமா டவுன் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். பஸ் என்றால் உங்களுக்கே தெரியும். ஆட்டோ உரசும், மாடு உரசும், மீன் கூடையை ஏற்றுகிறவர்கள் உரசுவார்கள். பல்லாவரம் சந்தை நாளில் அந்தப் பக்கத்துப் பஸ்ஸில் புதுக் கோடு இல்லையென்றால் டிரைவர் லீவு என்று அர்த்தம்.

"வாழ்நாள் பூரா ஓட்டுன வண்டி எதுவும் கோடு இல்லாம இருந்ததில்ல மாப்ள. இது ஒண்ணாவது இருக்கட்டும்" என்பார்.

ரிட்டயரான கையோடு வாங்கிய கார் அது. தினமும் காலையில் பழைய பனியனை நனைத்துத் துடைப்பார். பானெட்டில் பூனை படுத்திருந்தால் விரட்ட மாட்டார். விரட்டினால் நகத்தை ஊன்றித் தாவுமாம். பக்கத்தில் போய், "எறங்கும்மா... எறங்கு" என்று சொல்லிக்கொண்டு நிற்பார். அது கொட்டாவி விட்டு, சோம்பல் முறித்து, தானாக இறங்குகிற வரைக்கும் நிற்பார்.

நான் டிங்கரிங் வேலை செய்பவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, நசுங்கின தகரத்தை நிமிர்த்தக் கற்றுக்கொண்ட கதையை இதே பகுதியில் முன்பே ஒரு வாரம் எழுதியிருக்கிறேன். பெண்ணைக் கொடுத்த மாமா, காரை மட்டும் என் கையில் கொடுத்ததில்லை.

"கோச்சிக்காத மாப்ள. நீ தொடுறன்னா வண்டி அடி வாங்கிச்சின்னு அர்த்தம். நீ தொடாம இருக்கறதுதான் வண்டிக்கு மரியாத."

அதில் நியாயம் இருக்கிறது. டாக்டரை நமக்குப் பிடிக்கும் என்பதற்காகத் தினமும் போய்க் காட்டிக்கொண்டா இருக்கிறோம்?

கார்த்திகை மாதத்து ஆற்றங்கரை

எனக்குப் பயந்த சுபாவம். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். மூடியிருந்ததை நன்றாகப் பார்த்தோமா என்று அடுத்த தெருவில் சந்தேகம் வரும்.

அப்படிப்பட்டவனிடம், செல்வியின் பிரசவம் கார்த்திகையில் என்று டாக்டரம்மா சொன்னார்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் கூட்டிப் போய்விடுவார்கள். செல்வியின் தாய் வீடு அனகாபுத்தூரில், ஆற்றுக்குக் கிட்டத்தில், ஆட்டோ நுழைந்தால் எதிரே சைக்கிள் வர முடியாத சந்தில் இருக்கிறது. வெயில் காலத்தில் நல்ல இடம். ஐப்பசி, கார்த்திகையில் பெரிய மழை பிடித்தால் சந்துக்குள் தண்ணீர் ஏறும். ஏறிவிட்டால் ஆட்டோக்காரர் மெயின் ரோட்டிலேயே கும்பிடு போட்டுவிடுவார்.

நாங்கள் குடியிருந்தது தாம்பரத்தில், மேட்டுப் பக்கம். இங்கேயே இருந்துவிடேன் என்று செல்வியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"எங்கம்மா வூட்லதான் பெத்துப்பேன். நீங்க வேணா கூட வந்து ஒரு ஓரமா உக்காந்து பயப்படுங்க" என்றாள்.

என்னிடம் இருப்பது ஸ்கூட்டர். சந்துக்குள் எப்போதும் நிற்கிற ஒரே கார் மாமாவுடையது. அதுவோ தரையோடு தரையாக இருக்கிற வண்டி. கொஞ்சம் தண்ணீர் நின்றாலே சைலன்ஸர் குடித்துவிடும்.

என் ஷெட்டுக்குப் பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் போய்ப் புலம்பினேன்.

"வீல் ஒரு சைஸ் பெருசா போட்டுக்கோ ரவி. ரெண்டு விரக்கடை தூக்கிக் குடுக்கும்" என்றார்.

"ரெண்டு விரல் போதுமா பாய்?"

"மூக்குக்கு மேல ரெண்டு விரல் தண்ணி நின்னா போய் சேர்ந்துட்டான். மூக்குக்குக் கீழ ரெண்டு விரல் நின்னா பொழச்சிக்கினான். ரெண்டு விரல்னா உனக்குக் கேவலமா கீதா?"

சர்ர்ர்

பெரிய வீலை மாட்டினால் வேலை முடிந்தது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். சக்கரத்துக்கு மேலே வளைந்து நிற்கும் மட்கார்டின் விளிம்பு, உள்பக்கமாகச் சின்னதாக மடிந்திருக்கும். புடவை ஓரம் அடித்த மாதிரி. கார் காலியாக ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. பின்னால் ஆள் ஏறி, வண்டி அமுங்கி, பள்ளத்தில் இறங்கினால் அந்த மடிப்பு டயரைச் சீவும்.

மாமாவைக் கெஞ்சிக் காரோடு வரவழைத்து, பாய் கடையிலிருந்த வீல்களை மாட்டி, பின்சீட்டில் பாயும் அவர் கடை ஆட்களுமாகத் திணித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தோம். முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே சர்ர்ர் என்றது. ரப்பர் தீய்ந்த வாடை.

ஸ்டீரிங்கிலிருந்த மாமாவுக்குத் தன் கன்னத்தையே யாரோ சீவின மாதிரி முகம் போயிற்று.

"அந்த மடிப்ப மேல படிய வெச்சிட்டா சரியாப் பூடும்" என்றார் பாய். "கிரிக்கெட் பேட்ட டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல சொருவிக்கினு வண்டிய முன்ன பின்ன தள்ளு. தானா மடங்கும்."

"பெயிண்ட்டு?" என்றார் மாமா.

"பெயிண்ட்டு கொஞ்சம் பொரிஞ்சி உழும்."

மாமா காரை ஓரம் கட்டினார். இறங்கினார். அவ்வளவுதான், நடந்தே பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார்.

பாய்தான் பழைய வீலை மாட்டிக் காரை அனகாபுத்தூரில் கொண்டுபோய் விட்டார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அனகாபுத்தூர் போனபோது வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வளைகாப்பு முடிந்து வந்திருந்த செல்வி படியில் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பாதம் லேசாக வீங்கியிருந்தது. மாமா துடைப்பதை நிறுத்தி அந்தப் பாதத்தையே பார்த்தார். அப்புறம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார்.

"பேட்டு இல்லாம மடிக்க முடியுமா?"

"முடியும் மாமா. அதுக்குன்னு ரோலர் இருக்கு. பெயிண்ட்ட சூடு பண்ணிப் பண்ணி மெதுவா மடிக்கணும்."

"பெயிண்ட் ஒரு இணுக்கு வுடக் கூடாது."

"விட்டுச்சுன்னா?"

"வுட்டுச்சுன்னா பழைய வீல மாட்டிக் குடுத்துடு. நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

திட்டுவேன் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "புள்ளத்தாச்சி கீற வூட்ல ஆணி கூட அடிக்கக் கூடாதும்பாங்க. இவங்க வண்டியப் போட்டு நசுக்கப் போறாங்களாம்!"

"நசுக்கல அத்தை. மடிக்கத்தான் போறேன்."

"ஒரு எலுமிச்சம்பழமாவது வெச்சி, சாமியக் கும்பிட்டுச் செய்யுங்க."

மாமா சீறினார். "இரும்புக்கு எலுமிச்சம்பழம் தெரியுமா, சாத்துக்குடி தெரியுமா? சும்மா கெட."

மாமாவுக்குச் சாமி கிடையாது. டிப்போவில் ஆயுத பூஜை போட்டால் பொரி கடலையை வாங்கிக்கொள்வாராம், தட்டைத் தொட மாட்டாராம். எங்கள் கல்யாணத்தில்கூட விபூதித் தட்டு வந்தபோது பந்தியைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்பளப் பக்குவம்

ரோலரைக் காதர் பாய்தான் நாவலூர் பக்கம் கார் அலங்காரக் கடை வைத்திருக்கும் தன் மச்சானிடமிருந்து வாங்கி வந்தார். அந்தப் பக்கத்துப் பையன்கள் அழகுக்காகப் பெரிய வீல் போடுகிறவர்கள். கருவி சின்னதுதான். சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் அதைப் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். நீட்டிய கையின் முனையில் கெட்டியான ஓர் உருளை. அது மட்கார்டின் மடிப்புக்கு அடியில் போய் உட்காரும். கையைப் பிடித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்ட ஓட்ட, உருளை மடிப்பை மேலே அமுக்கும்.

வேலையின் சூட்சுமம் சூட்டில் இருக்கிறது. அப்பளம் இட்டுக் காயப் போடுகிறோமே, அரைக் காய்ச்சலில் மடித்தால் மடியும். முழுக்கக் காய்ந்த பிறகு மடித்தால் நொறுங்கும். பெயிண்ட்டும் அதே ஜாதி. ஹீட் கன்னால் சூடு காட்டினால் இளகித் தகரத்தோடு கூடவே வளையும். சூடு குறைந்தால் வெடிக்கும். கூடினால் கொப்புளிக்கும். புறங்கையை வைத்துப் பார்ப்பேன். தொட்டதும் கையை எடுக்கத் தோன்ற வேண்டும், ஆனால் 'ஸ்ஸ்' என்று சத்தம் போடத் தோன்றக் கூடாது. அதுதான் பக்குவம்.

முதலில் மடிப்புக்குள் இருக்கும் சேற்றைக் கழுவ வேண்டும். ஒரு மணல் துகள் இருந்தால் போதும், உருளை அதைப் பெயிண்ட்டுக்குள் அழுத்திக் கீறிவிடும். பல் தேய்க்கிற பிரஷ் வைத்துத் தேய்த்தேன். துடைத்தேன். காய வைத்து மறுபடி துடைத்தேன்.

காலையில் வலது பக்கம். சூடு காட்டி ஓட்டம், கொஞ்சம் நெம்பி மறுபடி சூடு, மறுபடி ஓட்டம். ஆசைப்பட்டு ஒரேயடியாக நெம்பக் கூடாது. மடிப்பு தூக்கக் கலக்கத்தில் சாய்கிற குழந்தை மாதிரி, தெரியாமல், மெல்ல மேலே போய் ஒட்டிக்கொண்டது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மாமா, "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

இடது பக்கம் பெட்ரோல் மூடி இருக்கிற பக்கம். எனக்கு அதுவேறு கவலை. மூடிமேல் ஈரச் சாக்கு போர்த்தி, பக்கெட்டில் மணல் வைத்து, எல்லாம் கழுவித் துடைத்துத் தயார் செய்த பிறகும், சாக்கைத் தூக்கி மூடியை மறுபடி மறுபடி திருகிப் பார்த்தேன்.

"டீ குடிச்சிட்டு வா மாப்ள. வண்டிய நா பாத்துக்கறேன்" என்றார் மாமா.

டீ குடித்துவிட்டு வந்து இடது பக்கத்தை ஓட்டி முடித்தேன். கையில் தட்டுப்பட்ட வரைக்கும் வழவழவென்று இருந்தது. டார்ச்சையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தால், நான் முதலில் சொன்ன சிவப்பு.

வண்டிக்கு அடியில் இருவர்

கம்பெனியில் பெயிண்ட் அடித்து வருகிற காருக்குள் ரெட் ஆக்சைடு இருக்காது, சாம்பல் நிறம்தான் இருக்கும். என் தொழிலில் இது பாலபாடம். பயத்துக்குப் பாலபாடமெல்லாம் தெரியாது. பழைய வீலைத் திரும்ப மாட்டுவதும், சந்தில் தண்ணீர் ஏறுவதும், செல்வி படியில் உட்கார்ந்திருப்பதும்தான் கண் முன்னால் ஓடின.

"மாமா... இந்தப் பக்கம் பெயிண்ட் விட்டுடுச்சு."

செருப்பு நகரவில்லை. பிறகு முழங்கால் இரண்டும் மளுக் மளுக் என்று ஒலிக்க, மாமா தரையில் உட்கார்ந்தார், படுத்தார், என் பக்கத்தில் தலையை நுழைத்தார்.

"காட்டு."

கண்ணாடியைக் காட்டினேன்.

"எங்க?"

"வரிசையா இருக்கு பாருங்க, செவப்பா."

பார்த்தார். கையை நீட்டி நகத்தால் சுரண்டினார். முகர்ந்தார். அவர் முகம் என் முகத்துக்குப் பக்கத்தில், டார்ச் வெளிச்சத்தில் இருந்தது. கல்யாணமான நாளாக அந்த முகம் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

"அது பெயிண்ட் இல்ல மாப்ள."

"பின்ன?"

"குங்குமம்."

டார்ச்சை மறுபடி விளிம்பின் மேல் திருப்பினேன்.

"ஒரே ஒரு பொட்டுதான் வெச்சேன். உள்ளாற, யாருக்கும் தெரியாத மாதிரி. எப்டி இத்தினி ஆச்சி?"

எப்படி ஆயிற்று என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் டீக்கடையில் நின்ற நேரத்தில், சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து, எச்சில் தொட்டு ஒரு பொட்டு வைத்திருக்கிறார். உருளை அதன்மேல் ஏறி, தன் உடம்பில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொட்டாக விளிம்பு முழுக்கப் போட்டுக்கொண்டே போயிருக்கிறது. சூட்டில் இளகிய பெயிண்ட் அத்தனையையும் வாங்கிக்கொண்டுவிட்டது. வெடிப்பு இல்லை, கீறல் இல்லை. தோரணம் கட்டின மாதிரி குங்குமம்.

"சாமிதான் கெடையாதே மாமா?"

"சாமி கெடையாது. பொண்ணு கீதே."

கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஒங்க அத்தைக்குத் தெரிய வேணாம்" என்றார்.

பாய் தன் கடையிலிருந்து கத்தினார். "இன்னா மாமனும் மருமவனும்? வண்டிக்கு அடியில குடித்தனம் வெச்சிட்டீங்களா?"

சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தேன், போகவில்லை. பாலீஷ் போட்டேன், பொட்டு இன்னும் பளபளத்தது. தின்னர் தொட்டால் போகும், சூடு பட்ட பெயிண்ட்டும் கூடவே போகும்.

"வுடு. கெடக்கட்டும்" என்றார் மாமா. "இணுக்கு வுடல இல்ல? வீல மாட்டு."

தண்ணீர் ஏறிய காலை

கார்த்திகையில் மழை சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. நான் மருமகன் கௌரவத்தைத் தாம்பரத்திலேயே வைத்துவிட்டு மாமனார் வீட்டு நடையில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். விடிந்து கொஞ்ச நேரத்தில் செல்வி என் காலைத் தட்டினாள்.

"ஏங்க. எழுந்துக்குங்க. இப்ப பயப்படலாம்."

சந்தில் தண்ணீர், வாசல் முதல் படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. மாமா வேட்டியை மடித்துக் கட்டி ஸ்டீரிங்கில் உட்கார்ந்தார். பின்சீட்டில் செல்வி நடுவில், ஒரு பக்கம் அத்தை, இன்னொரு பக்கம் மடியில் செல்வியின் துணிப் பையோடு நான். வண்டி அமுங்கியது எனக்குத் தெரிந்தது.

மாமா பஸ் ஓட்டின காலம் திரும்பி வந்த மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டார். முதல் கியர். ஆக்சிலேட்டரில் வைத்த காலை எடுக்கவே இல்லை. எங்களுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் விலகிப் போய்ச் சுவரில் மோதியது. முன் வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து, "அப்டியே ஒரே மூச்சுல வுடு தலைவா!" என்றார்.

சந்து முனையில் ஒரு பள்ளம் உண்டு. வெயில் நாளிலேயே முதுகெலும்பைக் கேட்கும். நான் தலையைச் சாய்த்துக் கதவோரம் காதை வைத்துக்கொண்டேன். சர்ர்ர் வருமா, வராதா.

செல்வி என் முழங்கையை நெரித்தாள். "வலி இங்க. நீங்க டயருக்குக் காது குடுத்துகினு கீறீங்களா?"

வண்டி இறங்கியது. அமுங்கியது. ஏறியது. டயர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த நேரத்தில் எங்கிருந்தோ தண்ணீர் அடித்துக்கொண்டு வந்த தகரத் துண்டு ஒன்று, இடது பக்கக் கதவுகள் இரண்டையும் தடவிக்கொண்டு போனது. கிர்ர்ரீச் என்ற அந்தச் சத்தத்தில் எனக்கே பல் கூசியது. மாமாவின் முதுகைப் பார்த்தேன். திரும்பவில்லை. காலையும் எடுக்கவில்லை. மெயின் ரோடு வந்துவிட்டது.

பல்லாவரத்தில் ஆஸ்பத்திரி. மதியத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. எல்லாரும் பார்த்துவிட்டு வந்தோம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. செல்வியும் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா கீழே இறங்கிப் போனார். சரி, கோட்டைப் பார்க்கப் போகிறார், நாமும் கூட இருப்போம் என்று பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

முன்கதவிலிருந்து பின்கதவு வரைக்கும் நீளமாக விழுந்திருந்தது. வெள்ளை போய், சாம்பல் தெரிந்தது.

"மாமா, கோடு..."

"பாத்தேன். அது ஒன் வேல. நீ பாத்துக்க."

அவர் அதைத் தாண்டிப் போய் இடது பின்சக்கரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மட்கார்டுக்குள் கையை விட்டுத் தேய்த்தார். விரலை எடுத்துப் பார்த்தார். சேறு. எச்சில் தொட்டு மறுபடி தேய்த்தார். மறுபடி சேறுதான்.

"இன்னா மாமா தேடுறீங்க?"

"செல்வி நெத்தி வெறுமையா கீது மாப்ள. பாத்தியா நீ? நர்சம்மா பொட்ட எடுத்துட்டாங்க போல." விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இங்க ஒரு பொட்டுகூட வரல. நல்லாத்தான் சுட்டு வெச்சிருக்க."

பையைத் திறந்து செல்வியின் கண்ணாடியை எடுத்து நீட்டினேன். ஓரத்துப் பொட்டுகளில் ஒன்றை நகத்தால் மெல்ல உரித்து, விரல் நுனியில் ஒட்டிக்கொண்டார். காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று மறு கையால் மூடிக்கொண்டு, காரில் விழுந்த கோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாடிப்படி ஏறினார்.